‘இல்லை’ என்று நான் எழுதிய இடம்



இருபதாண்டுகளாக மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு உண்மை பேசுதலின் சிறப்பைப் பாடமாக நடத்தி வருபவன் நான். அத்தகைய நான் ஒரு மருத்துவமனைப் படிவத்தில் எழுதிய ஒரேயொரு பொய்ச் சொல்லைப் பற்றியே இக்கட்டுரையை எழுதுகிறேன். மறைத்துவிடலாமே என்று நஃப்ஸ் பலமுறை சொன்னது. ஆனால், நான் செய்த அதே தவற்றை நம் குடும்பங்களில் பலர் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு, மௌனமாக இருப்பது முறையாகப் படவில்லை.

நான்காண்டுகளுக்கு முன் என் லாத்தாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய் இருப்பது உறுதியானது. அப்போது அவருக்கு வயது 61. மச்சான் வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. உம்மாவின் மறைவுக்குப் பின் எனக்குத் தாயின் இடத்தில் இருந்தவர் அவர்தாம். எனவே சிகிச்சைக்கு நான்தான் உடன் சென்றேன். பதிவு செய்யும் இடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். அதன் இரண்டாம் பக்கத்தில், ‘வேறு நோய்கள் உண்டா?’ என்று கேட்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், நுரையீரல் என வரிசையாகக் கட்டங்கள் இருந்தன.

லாத்தாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, வேறோர் ஊரில் இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தோம். நான் பேனாவை எடுத்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர் தாழ்ந்த குரலில், “இதய நோய் இருக்குன்னு எழுதாதீங்க பாய். ஆபரேஷன் செய்ய மாட்டேன்னு திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார். என் கை நின்றது. சர்க்கரை இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்பதால் அதற்கு ‘உண்டு’ என்று எழுதினேன். இதயம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். லாத்தாவிடமும், “கேட்டால் சொல்ல வேண்டாம்” என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பொய் மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. அறுவைக்கு முன் எடுக்கும் இசிஜி, எக்கோ பரிசோதனைகளில் பழைய மாரடைப்பின் தடம் தெரிந்துவிட்டது. புற்றுநோய் மருத்துவர், என் மகளின் வயதைவிடச் சில ஆண்டுகளே மூத்தவராகத் தெரிந்த ஒரு பெண், என்னைத் தனியே அழைத்தார்.

“ஐயா, உங்கள் சகோதரிக்கு முன்பு மாரடைப்பு வந்திருக்கிறதா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாரா?”

தொப்பியும் தாடியுமாக அவர் முன் நின்ற நான், “ஆம்” என்றேன். அந்தச் சொல்லை உதிர்க்க எனக்கு ஏற்பட்ட சிரமத்தை இன்றும் மறக்கவில்லை.

அவர் கடிந்து பேசவில்லை. இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பற்றித் தெரியாமல் அறுவை செய்தால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகக்கூடும் என்றும், தெரியாமல் அதைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும் என்றும் விளக்கினார். மார்பகப் புற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று டாக்சோருபிசின். சிவப்பு நிறத்தில் இருப்பதால் நோயாளிகள் அதைச் சிவப்பு மருந்து என்றே அழைக்கிறார்கள். அது இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. “அந்த மருந்து இல்லாத வேறொரு கூட்டு இருக்கிறது. அதைக் கொடுப்போம். இதய மருத்துவரோடு பேசி அறுவையும் செய்வோம். யாரும் உங்களைத் திருப்பி அனுப்பப் போவதில்லை, ஐயா. எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்” என்றார்.

அன்றிரவு லாத்தாவின் மகன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தான். புள்ளியியலில் முதுகலை படிப்பவன். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவன். நடந்ததை அவனிடம் ஒளிவின்றிச் சொன்னேன். அவன் சிறிது நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, “மாமா, நீங்கள் எழுதிய அந்தக் கட்டத்திற்கென்றே எங்கள் துறையில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது” என்றான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில், இஷாவுக்குப் பிறகு அவன் எனக்குச் சொல்லித் தந்தவற்றை, நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே தருகிறேன்.

ஒருவருக்கு ஒரு பெருநோய் இருக்கும்போது உடன் இருக்கும் பிற நோய்களை இணைநோய் என்கிறோம். இக்கருத்துக்கு மருத்துவத்தில் பெயரிட்டு, அதைக் கணக்கில் கொள்ளாமல் நோயாளிகளை ஒப்பிடுவது பிழை என்று 1970-இல் எழுதியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டீன். ஒரே நிலையில் உள்ள ஒரே புற்றுநோய் இருவருக்கு இருக்கலாம். ஒருவருக்கு மற்ற உறுப்புகள் நலமாக இருக்க, மற்றவருக்கு இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அவ்விருவரின் பயணமும் ஒன்றாக இராது.

இதை எப்படி அளப்பது? 1987-இல் மேரி சார்ல்சன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த 559 நோயாளிகளை ஓராண்டு கவனித்து ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஒவ்வொரு நோய்க்கும் அதன் கனத்துக்கேற்ப மதிப்பெண் தந்தார்கள். முன்பு வந்த மாரடைப்புக்கு 1. சர்க்கரை நோய்க்கு 1, அது உறுப்புகளைப் பாதித்திருந்தால் 2. கடுமையான கல்லீரல் நோய்க்கு 3. உடலில் பரவிவிட்ட புற்றுக்கு 6. வயதையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில், ஐம்பது வயது முதல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு மதிப்பெண் கூடும். அந்த அளவுகோல் சரிதானா என்று அவர்கள் சோதித்துப் பார்த்தது 685 மார்பகப் புற்றுநோயாளிகளிடத்தில் என்பதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. என் லாத்தாவைப் போன்ற பெண்களின் உண்மையான விவரங்களில் சோதிக்கப்பட்ட கணக்கு அது.

மதிப்பெண் மட்டும் போதாது. காலம் செல்லச் செல்ல எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் படிக்கட்டுப் போன்ற கோடாக வரையும் முறையை 1958-இல் கப்லான், மையர் என்ற இருவர் தந்தனர். வயது, புற்றுநோயின் நிலை, சிகிச்சை ஆகியவற்றை ஒருசேர வைத்து, ஒவ்வொன்றின் பங்கையும் தனித்துப் பிரித்துப் பார்க்கும் சூத்திரத்தை 1972-இல் இங்கிலாந்தின் டேவிட் காக்ஸ் தந்தார். இம்முறையைக் கொண்டு அமெரிக்காவில் 17,712 புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு இது: இணைநோய் இல்லாதோரின் இறப்பு வேகத்தை 1 என்று கொண்டால், லேசான இணைநோய் உடையோருக்கு அது 1.21, நடுத்தரமானோருக்கு 1.86, கடுமையானோருக்கு 2.56. வயதும் புற்றின் நிலையும் சமமாக வைக்கப்பட்ட பின்னரும் இந்த வேறுபாடு எஞ்சி நிற்கிறது.

இன்னொரு செய்தி என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பகுதியில் மார்பகப் புற்றுநோய் கண்ட 936 பெண்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து, 1994-இல் ஓர் ஆய்வு வெளியானது. குறிப்பிட்ட ஏழு இணைநோய்களில் மூன்றோ அதற்கு மேலோ இருந்த பெண்கள், அவை ஏதும் இல்லாத பெண்களைவிட, மார்பகப் புற்று அல்லாத காரணங்களால் இறந்த வேகம் இருபது மடங்கு. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு மடங்கு. “புற்றுநோய் என்றதும் வீட்டில் எல்லோரும் புற்றையே பார்க்கிறோம், மாமா. பக்கத்துக் கதவு திறந்து கிடக்கிறது” என்றான் மருமகன்.

இந்த இடத்தில்தான் ஒரு மத்ரஸா ஆசிரியனின் மனம் விழித்துக்கொண்டது. ஒருவரை இரு ஆபத்துகள் ஒரே நேரத்தில் நெருங்கும்போது கணக்கு எப்படி என்று கேட்டேன். அவன் ஓர் எளிய கற்பனைக் கணக்கைத் தாளில் எழுதினான். நூறு பேர். முதலாண்டில் 60 பேர் இதய நோயால் இறக்கிறார்கள். எஞ்சிய 40 பேரில் 20 பேர் இரண்டாமாண்டில் புற்றால் இறக்கிறார்கள். இதயத்தால் இறந்தவர்களை, ஊர் மாறிப் போனவர்களைப் போலக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டால், புற்றின் ஆபத்து 40-க்கு 20, அதாவது 50 சதவீதம் என வரும். இதயத்தின் ஆபத்து 60 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 110! இருப்பவர்களோ நூறு பேர்.

நான் வியந்து சிரித்துவிட்டேன். ஃபராயிள் பாடத்தில் ஒவ்வோராண்டும் நான் நடத்தும் ஒரு மஸ்அலாவை அது நினைவூட்டியது. ஒரு பெண் இறக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரும் உடன்பிறந்த இரு சகோதரிகளும் இருக்கிறார்கள். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு. சொத்தை விடப் பங்கு அதிகம். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இப்பிரச்சினை எழுந்தபோது, ஸஹாபாக்களின் ஆலோசனையோடு பங்குகள் விகிதப்படி குறைக்கப்பட்டு, கணவருக்கு ஏழில் மூன்று, சகோதரிகளுக்கு ஏழில் நான்கு என்றானது. இதனை அவ்ல் என்கிறோம்.

மருமகன் கவனமாகத் திருத்தினான். “தீர்வு ஒன்றல்ல, மாமா. அவ்லில் பங்குகளை விகிதப்படி குறைக்கிறீர்கள். நாங்கள் அப்படிக் குறைப்பதில்லை. முதலிலிருந்தே நூறு பேரையும் பார்வையில் வைத்து, யார் எதனால் சென்றார் என்று எண்ணுகிறோம். 60 பேர் இதயத்தால், 20 பேர் புற்றால், 20 பேர் உயிரோடு. கூட்டினால் நூறு. ஆனால் நோய் ஒன்றுதான்: ஒவ்வோர் உரிமையாளரையும் மற்றவர் இல்லாதது போலப் பார்த்தால் கணக்கு வழிதவறும்.” போட்டியிடும் ஆபத்துகள் என்று இதற்குப் பெயர். இவ்வகைக் கணக்கிற்கென ஃபைன், கிரே என்ற இருவர் 1999-இல் வகுத்த முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது.

பின்னர் அவன் சொன்னதுதான் என்னை உறங்கவிடவில்லை. “இந்தக் கணக்குகள் எல்லாம் படிவத்தில் எழுதப்பட்டதைத்தான் நம்புகின்றன. ‘இல்லை’ என்று எழுதியவர்களின் கூட்டத்தில் நோய் உள்ளவர்களும் கலந்துவிட்டால், அந்தக் கூட்டம் உண்மையைவிட நலிந்ததாகத் தோன்றும். இணைநோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுருங்கிவிடும். பிறகு வரும் நோயாளிக்கு மருத்துவர், ‘இதயநோய் அவ்வளவு ஆபத்தில்லை’ என்று தவறாகக் கருதக்கூடும்.”

உஸூல் பாடத்தில் ஒரு விதியைப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன். ஒன்றைப் பற்றிய அறிவு இல்லாமை, அது இல்லை என்ற அறிவாகிவிடாது. காலியான கட்டம் ‘தெரியவில்லை’ என்று பொருள்படும்; ‘இல்லை’ என்று பொருள்படாது. நானோ, தெரிந்தே ‘இல்லை’ என்று எழுதினேன். சாட்சியத்தை மறைப்பதைக் கண்டிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 283-ஆவது வசனத்தை, கடன் பத்திரத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உரியது என்றே பிள்ளைகளுக்கு விளக்கி வந்திருந்தேன். மருத்துவமனைப் படிவமும் ஒரு சாட்சியம்தான் என்பது அன்றிரவு விளங்கியது. அது என் லாத்தாவின் உயிர் பற்றிய சாட்சியம். முகமறியாத எத்தனையோ நோயாளிகளுக்கும் பயன்படவிருந்த அமானிதம்.

நம்மில் சிலர், குறிப்பாகப் பெண்களின் நோய்களை வெளியில் சொல்வதைக் குறை கூறுதலாகவும் மானக்கேடாகவும் கருதுகிறோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களின் மறதியையும் பலவீனத்தையும் இமாம்கள் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். அதைப் புறம் பேசுதல் என்று அறிஞர்கள் கொள்ளவில்லை. மார்க்கத்தைப் பாதுகாக்கத் தேவையான எடைபோடுதல் என்றே கொண்டார்கள். உயிரைப் பாதுகாக்க மருத்துவரிடம் உள்ளதைச் சொல்வதும் அவ்வாறே என்று நான் கருதுகிறேன்.

இதை வகுப்பில் பகிர்ந்தபோது மூத்த மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஹஜ்ரத், ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று கணக்கிடுவது மறைவான ஞானத்தில் கைவைப்பதாகாதா?” நியாயமான கேள்வி. அந்தக் கணக்கு என் லாத்தாவின் அஜலைச் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அவரைப் போன்ற நூறு பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு என்ன நேர்ந்தது என்பதையே சொல்கிறது. அந்த நூறில் அவர் எவர் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை வழியில் கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள் திரும்பிச் செல்ல முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். விதியிலிருந்து விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்ததை நாம் அறிவோம். ஆபத்து எங்கே அதிகம் என்று அறிந்து நடப்பது தவக்குலுக்கு முரணன்று.

அளவுகோலும் நிலையானதன்று. 1987-இல் பழைய மாரடைப்புக்கும் உறுப்புகளைப் பாதிக்காத சர்க்கரை நோய்க்கும் தலா ஒரு மதிப்பெண் இருந்தது. மறுபடியும் கணக்கிட்டு, ஆறு நாடுகளின் மருத்துவமனை விவரங்களில் சோதித்து 2011-இல் வெளியிட்டபோது அவ்விரண்டுக்கும் பூஜ்யமே வந்தது. சிகிச்சை முன்னேறியதால் அவற்றின் கனம் குறைந்திருந்தது. ஆயினும் இதயம் தளர்ந்து இரத்தத்தை இறைக்க இயலாமற்போகும் நிலைக்கு 1 என்றிருந்தது 2 ஆக உயர்ந்தது. அதாவது, கவனித்துப் பேணப்படும் நோய் வேறு. கைவிடப்பட்ட நோய் வேறு. இணைநோய் உடையோருக்குப் பல வேளைகளில் மருந்தும் குறைத்தே தரப்படுவதால், இறப்புக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறிவதில் இக்கணக்குகளுக்கும் எல்லை உண்டு என்றும் மருமகன் சொன்னான்.

லாத்தாவுக்கு அறுவை நலமாக முடிந்தது. சிவப்பு மருந்து இல்லாத சிகிச்சை தொடங்கியது. மருந்தோடு தரப்படும் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள், ஏறியது, இன்சுலின் அளவைக் கூட்டிச் சமாளித்தார்கள். மூன்றாவது சுற்றின்போது அவருடைய பையில் துணி எடுத்து வைக்கையில் இதய மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டேன். இரண்டு வாரங்களாக அவர் அவற்றை எடுக்கவே இல்லை.

“ஏன் லாத்தா?” என்றேன்.

“பெரிய வியாதிக்கு இவ்வளவு மருந்து போகுது, தம்பி. சின்ன வியாதிக்கும் எதுக்கு?” என்றார். சற்றுப் பொறுத்து, “நீதானே அந்த வியாதி இல்லைன்னு எழுதினே?” என்றார்.

அவர் குத்திக்காட்டச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதிய சொல்லை அவர் நம்பத் தொடங்கியிருந்தார். சொல்லக்கூடாத நோய், கவனிக்கத் தேவையற்ற நோயாக மாறிவிட்டிருந்தது. அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலையாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இன்றும் அவர் நம்மோடு இருக்கிறார். நாளை எந்தக் கதவு திறக்கும் என்பது அவனுக்கே வெளிச்சம்.

சகோதர, சகோதரிகளே! உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின் ஒரு தாளை எடுங்கள். அவருக்குள்ள நோய்கள், அவை வந்த ஆண்டு, செய்த அறுவைகள், உண்ணும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதி மருத்துவமனைப் பையில் வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். புற்றுநோய்க்கான சிகிச்சையின்போது சர்க்கரை, அழுத்தம், இதயம் ஆகியவற்றின் மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அன்போடு சொல்லும் ஆலோசனையை விட, உங்கள் கையெழுத்தின் உண்மை உங்கள் நோயாளிக்கு நன்மை தரும்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! என் பிழையைப் பொறுத்து, நம் நாவையும் பேனாவையும் உண்மையின் மீது நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.